மொய் எழுதாத அன்பு

டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் பூனைக்குட்டிக்கும் குரங்குக்குட்டிக்கும் நடந்த ஒரு பழைய வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

தாய்க்குரங்கு மரத்துக்கு மரம் தாவும்போது, குட்டிதான் அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டிக்கு அந்தக் கவலையே இல்லை. தாய் வந்து கவ்வித் தூக்கிப் போகும். அதுவரை சும்மா கிடக்கும். கடவுளின் அருள் இதில் எந்த வகை? வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் பிரிந்து நின்ற இடங்களில் இது முக்கியமானது.

வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகரின் (1268–1369) வழியில், அருள்தான் பெரிது. ஆனாலும் அது இறங்க ஒரு சாக்கு வேண்டும். குரங்குக்குட்டி பற்றிக்கொள்வதுபோல, சரணாகதி என்ற ஒன்றையாவது நாம் செய்தாக வேண்டும். தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியரோ, பூனைக்குட்டிக்குப் போலச் சாக்குகூட வேண்டாம் என்றார். இதற்கு ‘நிர்ஹேதுக கிருபை’ என்று பெயர். காரணம் கேட்காத அருள். அப்படியானால் சரணடைவது எதற்கு? அது நாம் கொடுக்கும் விலை அல்ல, வருவதைத் தடுக்காமல் இருப்பது. அவ்வளவுதான்.

இந்த அன்புக்கு வைத்திருக்கும் சொல்லையும் பாருங்கள்: வாத்சல்யம். வத்ஸம் என்றால் கன்று. அப்போதுதான் ஈன்ற கன்றின் உடம்பெல்லாம் அழுக்கு. பசு அதை நக்கியே எடுக்கிறது; குளித்துவிட்டு வா என்று சொல்வதில்லை. கடவுள் நம் குற்றத்தைக் கண்டும் காணாமல் விடுகிறார் என்பது வடகலை விளக்கம். பசு அழுக்கை நக்குவதுபோல அதையும் விரும்பி ஏற்கிறார் என்பது தென்கலை விளக்கம்.

கேட்க நன்றாக இருக்கிறது, நம்பத்தான் கஷ்டம். நாம் மொய் நோட்டோடு வளர்ந்தவர்கள். யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்கிறோம். உறவுக்கு அது சரி. ஆனால் அந்த நோட்டைக் கோயிலுக்கும் கொண்டுபோய், இத்தனை சுற்று, இத்தனை தேங்காய் என்று வரவு வைக்கிறோம்.

“சும்மாவே கிடைக்கும் என்றால், நான் எதற்கு நல்லவனாக இருக்க வேண்டும்?” கேட்கத் தோன்றும். முதல் பந்தியில் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த பந்திக்குச் சாம்பார் வாளியைத் தூக்குகிறாரே, அது சாப்பாட்டுக்குக் கூலியா? மனம் நிறைந்ததால் வரும் வேலை அது. வைணவத்தில் அதற்குக் கைங்கரியம் என்று பெயர்.

பரிமாறுபவர் இலைக்கு முன் நின்று, ‘நீ யார் வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்கலாமா? லோகாசாரியரின் ‘ஸ்ரீவசன பூஷணம்’ இதில் கறாரானது. அடியாரின் பிறப்பை ஆராய்வதே கொடிய குற்றம் என்கிறது. அந்த நூலின் சாரத்தை ‘சப்த காதை’ என்று ஏழு பாட்டில் பிழிந்து தந்த சீடர் விளாஞ்சோலைப் பிள்ளை. அவர் ஈழவர் குலத்தில் பிறந்தவர் என்கிறது மரபு. திருவனந்தபுரம் கோயிலுக்குள் போக முடியாமல், விளா மரத்தில் ஏறிக் கோபுரத்தைப் பார்த்துத் தொழுதாராம். திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்தது 1936 நவம்பரில். ஏறத்தாழ 600 ஆண்டு தாமதம்.

அருள் நிபந்தனை போடவில்லை. வாசலில் நின்றவர்கள் போட்டார்கள். அன்பு கேளாமல் வந்தது என்று நம்புகிறவர், அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது தகுதி கேட்டால், வாங்கியதையே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் அர்த்தம்.

டீ ஆறியிருக்கும், குடியுங்கள். காசு கொடுத்தாயிற்று. நோட்டில் எழுதவில்லை.