பிரெஞ்சுக் கனடியர் குடிவழித் தேடல்

பிரெஞ்சுக் கனடியர் குடிவழித் தேடல் என்பது, நியூ பிரான்சு எனப்பட்ட பிரான்சின் வட அமெரிக்கக் குடியேற்றப் பகுதியில் வாழ்ந்த குடும்பங்களின் முன்னோரை, அக்கால ஆவணங்களின் வழியே கண்டறிவதாகும். சாமுவேல் டி சாம்ப்லேன் 1608-இல் கியூபெக்கை நிறுவியது தொடங்கி, 1763-இல் பாரிசு உடன்படிக்கையின்படி அப்பகுதி பிரித்தானியரிடம் சென்றது வரையான காலமே இதில் முதன்மையானது. இன்று கியூபெக்கில் ஓர் எளிய உழவர் குடும்பம்கூடப் பத்துப் பன்னிரண்டு தலைமுறைகளைப் பெயரோடும் நாளோடும் சொல்ல முடிகிறது. அரச குடும்பங்களுக்கு வெளியே இது அரிதான செய்தி. அதற்குக் காரணம், பங்குத்தந்தையரின் பதிவேடுகள்.

பங்குப் பதிவேடுகள்

ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் எழுதி வைக்கப்பட்டன. 1667-இல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த சட்டம் இதற்கு இரண்டு படிகள் வேண்டும் என்றது. ஒன்று தேவாலயத்தில் இருக்கும், மற்றொன்று நீதிமன்றத்துக்குச் செல்லும். ஒன்று தீயில் போனாலும் மற்றது எஞ்சியது. அச்சட்டத்துக்கு முன், 1640-இல் கியூபெக் தேவாலயம் எரிந்தபோது பதிவேடும் அழிந்தது. பின்னர் மக்களின் நினைவைக் கொண்டே அது மீண்டும் எழுதப்பட்டது. ஆகவே 1640-க்கு முந்தைய நாள்களைச் சற்று எச்சரிக்கையுடனே கொள்ள வேண்டும்.

மூன்றனுள் திருமணப் பதிவே தேடுவோருக்குப் பெரிதும் பயன்படுவது. பெரும்பாலும் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயர்களும், அவர்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதும் அதில் இருக்கும். ஒரு பதிவைப் பிடித்தால் அடுத்த தலைமுறைக்கு வழி கிடைத்துவிடும். பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயராலேயே ஆவணங்களில் குறிக்கப்பட்டதால், தாய்வழியும் மறைந்துவிடவில்லை. மணமக்கள் உறவினராக இருந்தால், திருச்சபை தந்த விதிவிலக்கும் உறவின் நெருக்கமும் குறிக்கப்பட்டிருக்கும்.

1666-இல் ஜான் தலோன் எடுத்த குடிமதிப்பில் 3,215 பேர் பதிவாயினர். ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. இந்தக் குறையை ஈடுசெய்யவே 1663 முதல் 1673 வரை, மன்னர் செலவில் ஏறத்தாழ 800 பெண்கள் அனுப்பப்பட்டனர். 'மன்னரின் மகள்கள்' என்று வரலாறு இவர்களைக் குறிப்பிடுகிறது. இவர்களில் சிலர் நோட்டரி முன்னிலையில் ஒருவருடன் திருமண ஒப்பந்தம் எழுதி, அதை நீக்கிவிட்டு வேறொருவரை மணந்ததுண்டு. எனவே ஒப்பந்தத்தை மட்டும் கண்டு திருமணம் நடந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பெயர்ச் சிக்கல்

நம் ஊர்ப் பத்திரங்களில் 'முருகன் என்கிற முருகேசன்' என்று எழுதுவது போல, அங்கும் குடும்பப் பெயருக்குப் பின் 'என்கிற' எனப் பொருள்படும் சொல்லோடு மற்றொரு பெயர் சேர்வதுண்டு. பல, படைவீரர்களின் பட்டப்பெயர்கள். 'கவலையற்றவன்' எனப் பொருள்படும் சான்சூசி, 'பூ' எனப் பொருள்படும் லாஃப்ளோர் போன்றவை அவ்வகை. 1665-இல் வந்த காரிஞ்ஞான்-சாலியேர் படைப்பிரிவினரில் ஏறத்தாழ 400 பேர் அங்கேயே தங்கியதால் இத்தகைய பெயர்கள் பெருகின. சிக்கல் அடுத்த தலைமுறையில்தான் வருகிறது. அண்ணன் குடும்பப் பெயரை வைத்துக்கொள்வார், தம்பி பட்டப்பெயரை எடுத்துக்கொள்வார். தேடுபவர் இருவரையும் இரு வேறு குடும்பத்தினர் என்று எண்ணிவிடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குச் சென்றவர்களில் சிலர் பெயரை ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டனர். 'ருவா' கிங் ஆனார், 'லெபிளாங்' ஒயிட் ஆனார்.

பாதிரியார் சிப்ரியன் தங்கே இப்பதிவேடுகளைத் தொகுத்து 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக ஒரு குடிவழி அகராதி வெளியிட்டார். தனி மனிதரின் உழைப்பு என்ற வகையில் அது வியப்புக்குரியது, எனினும் பிழைகள் உண்டு. 1983-இல் ரெனே ஜெத்தே வெளியிட்ட அகராதி, 1730 வரையான குடும்பங்களுக்கு அவற்றுள் பலவற்றைத் திருத்தியது. மொண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் பதிவுகளைக் கணினியில் இணைத்தது. அச்சில் வந்த எதையும் மூலப் பதிவோடு ஒப்பிடுவதே முறை.

பதிவேட்டில் மங்கியவர்கள்

அக்காடியாவின் மக்கள் 1755 முதல் பிரித்தானியரால் நாடு கடத்தப்பட்டபோது, அங்கிருந்த பதிவேடுகள் பல காணாமற்போயின. அவ்வழியினருக்குத் தேடல் கடினம்.

அதைவிடக் கடினமானது அடிமைகளின் வழி. நியூ பிரான்சிலும் அதன் பின்னும், பெரும்பாலும் பூர்வகுடியினரும் ஓரளவு ஆப்பிரிக்க வழியினருமாக அடிமைகள் இருந்தனர். வரலாற்றாசிரியர் மார்செல் துருதெல் ஏறத்தாழ 4,200 பேரைக் கணக்கிட்டார். பதிவேட்டில் இவர்களுக்குப் பெரும்பாலும் திருமுழுக்குப் பெயரும் உரிமையாளர் பெயரும் மட்டுமே இருக்கும், பெற்றோர் பெயர் இராது. மொண்ட்ரியாலில் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1734-இல் தூக்கிலிடப்பட்ட மரி-ஜோசப் ஆஞ்செலிக் போர்த்துக்கலில் பிறந்தவர் என்பது, வழக்கு விசாரணைத் தாள்கள் எஞ்சியதால் தெரியவந்தது. அவருக்கு மொண்ட்ரியாலில் மூன்று குழந்தைகள் பிறந்தனர். மூவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர்.