வெளியூர் போன கண்ணும் வீட்டு வாசலும்: லயனல் வென்ட்டை முன்வைத்துச் சில குறிப்புகள்

"எங்கட ரோட்டுல படம் புடிக்க என்ன ஈக்கிது?" புதிதாகக் கெமரா வாங்கிய இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் கேள்வி இது. நல்ல படம் வேண்டுமென்றால் எல்லவுக்குப் போகவேண்டும், சிகிரியாவில் ஏறவேண்டும், கொஞ்சம் காசு சேர்ந்தால் துருக்கிக்கோ கஷ்மீருக்கோ ஒரு நடை போய்வரவேண்டும் என்பது எழுதாத சட்டம்போல் ஆகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அவை பஸ் ஏறும் இடங்கள், சாமான் வாங்கும் இடங்கள், அவ்வளவுதான். படம் எடுக்கும் இடங்களாக அவை கண்ணில் படுவதில்லை.

பிரயாணம் ஒரு படப்பிடிப்பாளருக்கு எதைக் கொடுக்கிறது, பழகிய தெரு எதைக் கொடுக்கிறது என்பதைக் கொழும்பிலேயே பிறந்து, கொழும்பிலேயே இறந்த ஒருவரை வைத்துப் பார்க்கலாம். லயனல் வென்ட் என்ற பெயரைக் கேட்டதும் கொழும்பு 7இல் உள்ள நாடக அரங்குதான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அந்த அரங்கு நிற்பது அவர் வாழ்ந்த வீட்டின் நிலத்தில். ஆனால் அவர் நாடகக்காரர் அல்லர். பியானோ வாசித்தவர், படம் எடுத்தவர்.

போய் வந்தவர்

வென்ட் 1900 டிசம்பரில் பிறந்தார். தந்தை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த பறங்கியர். 1906இல் தொடங்கிய இலங்கை அமெச்சூர் படப்பிடிப்பாளர் சங்கத்தின் ஸ்தாபகர்களில் அவரும் ஒருவர். ஆகவே கெமரா என்பது மகனுக்குப் புதிய பொருளல்ல. என்றாலும் லண்டனுக்குப் போன வென்ட் அங்கே சட்டமும் பியானோவும்தான் படித்தார். 1924இல் ஊர் திரும்பினார். சட்டத் தொழிலை விரைவிலேயே கைவிட்டார். 1930களின் தொடக்கத்தில்தான் படப்பிடிப்பில் முழுமூச்சாக இறங்கினார். 1944 டிசம்பரில், 44 வயதில் காலமானார். கணக்குப் பார்த்தால் அவர் தீவிரமாகப் படமெடுத்தது ஒரு பத்துப் பன்னிரண்டு வருஷம் மட்டுமே.

அந்தக் காலத்துக்குள் 1938இல் லண்டன் கெமரா கிளப்பில் அவரது தனிக் கண்காட்சி நடந்தது. 1943இல் ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலிய ஓவியர்கள் சேர்ந்த '43 குழு' அவரது வீட்டிலேயே உருவானது.

அவர் எடுத்த படங்களில் என்ன இருந்தது? தோணி இழுக்கும் கடற்றொழிலாளர், கண்டி நடனக்காரர், கிராமத்துப் பெண்கள், பழைய சிலைகள், ஓர் இலை, ஒரு நிழல். லண்டனில் இருந்து வந்தவர் லண்டனைப் படமாகக் கொண்டுவரவில்லை. அங்கிருந்து ஒரு கண்ணைக் கொண்டுவந்தார்.

இது நமக்கு விளங்காத விஷயமல்ல. சவூதியிலோ கட்டாரிலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு வருபவரைப் பாருங்கள். வீட்டுக்குள் கால் வைத்ததும், "செவரு இவ்வளவு கறுத்துப் பெய்த்தா? உம்மாட கை ஏன் இப்பிடி மெலிஞ்சி ஈக்கிது?" என்று கேட்பார். வீட்டிலேயே இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. பழக்கம் கண்ணை மூடிவிடுகிறது, பிரிவு திறந்துவிடுகிறது. பிரயாணத்தின் உண்மையான லாபம் அதுதான். திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது ஒரு சில நாட்களுக்குக் கிடைக்கும் அந்தப் புதுக் கண்ணைப் பழக்கிக் காப்பாற்றிக்கொள்பவரே படப்பிடிப்பாளர்.

இருட்டறையில் செய்த பிரயாணம்

வெளியூர்க் கண் என்பது கப்பல் ஏறுவதால் மட்டும் வருவதல்ல. பாரிஸில் மேன் ரே போன்றோர் செய்துகொண்டிருந்த பரிசோதனைகளை வென்ட் கொழும்பில் இருந்துகொண்டே தன் இருட்டறையில் செய்து பார்த்தார். படத்தைக் கழுவும்போது பாதியில் ஒரு கணம் வெளிச்சம் காட்டினால் சில இடங்கள் தலைகீழாக மாறும், கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று எழும். கெமராவே இல்லாமல், ஒளிபட்டால் கறுக்கும் தாளின்மேல் ஒரு பொருளை வைத்து வெளிச்சம் பாய்ச்சினால் அதன் உருவம் வெள்ளையாகப் பதியும். இந்த வித்தைகளால் பழகிய பொருளும் அந்நியமாகத் தெரியும். ஊரை விட்டுப் போகாமலே ஊரைப் புதிதாகக் காணும் வழிகள் இவை.

உள்நாட்டுப் பிரயாணமும் அவருக்கு உண்டு. 1934இல் பசில் ரைட் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை எடுக்க வந்தபோது வென்ட் கூடவே இருந்து வழிகாட்டினார். அந்தப் படத்தில் ஒலிக்கும் குரலும் அவருடையதே. தேயிலைப் பிரசார சபை காசு கொடுத்த படம் அது. அதில் வென்ட் வாசித்ததோ கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை. 250 வருஷத்துக்கு முந்திய ஓர் அந்நியனின் சொற்களை, தன் நாட்டைக் காட்டும் படத்துக்கு அவர் குரலாகக் கொடுத்தார்.

பார்வையில் உள்ள பாவம்

வெளியூர்க் கண்ணைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடமுடியாது. அந்த மறுபக்கம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது.

சிலி நாட்டுக் கவிஞர் பப்லோ நெரூடா 1929இல் தூதரக அதிகாரியாகக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிறு பங்களாவில் தனியாக வசித்தார். வென்ட் அவருடைய நண்பர். வாராவாரம் சைக்கிளில் ஆள் விட்டு ஒரு மூட்டை புத்தகம் அனுப்பிவைத்ததை நெரூடா நன்றியோடு நினைவுகூர்கிறார். இறந்தபின் 1974இல் வெளிவந்த அதே நினைவுக்குறிப்பு நூலில் இன்னொன்றையும் அவரே எழுதியிருக்கிறார். விடியலில் மலசலகூடம் துப்புரவாக்க வந்த தமிழ்ப் பெண்ணை அவர் ஒரு சிலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒருநாள் அவளைப் பலவந்தம் செய்தார். அவள் தன்னை வெறுத்தது நியாயமே என்றும் எழுதினார். அவளுடைய பெயர் அந்த நூலில் இல்லை.

படப்பிடிப்பைப் பேசும் இடத்தில் இதை ஏன் சொல்லவேண்டும்? குற்றம் குற்றம்தான், அதைக் கலையோடு போட்டுக் குழப்பவேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பார்வை இருந்தது. உயிருள்ள ஒரு மனுஷியை அழகான பொருளாக மாற்றிய பார்வை. கெமராவைத் தூக்கும் ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பார்வையின் ஆபத்து ஒரு சிறு அளவிலேனும் உண்டு. சுமை தூக்கும் நாட்டாமி, மீன் வெட்டும் மனிதர், பள்ளிவாசல் படியில் அமர்ந்திருக்கும் முதியவர் எல்லோரும் 'நல்ல ஃபிரேம்' ஆகிவிடலாம். பெயர் கேட்காமல் எடுத்த படம் பாதிப் படம். நம் வீடுகளில் மூத்தவர்கள் பலருக்குத் தங்களைப் படமெடுப்பது பிடிக்காது. அதை மதித்தால் கலை குறைந்துவிடாது. அவர்கள் அமர்ந்த கதிரை, கழற்றி வைத்த கண்ணாடி, வெற்றிலைத் தட்டு ஆகியவை ஒரு முகத்தைவிடக் கூடுதலாகப் பேசும்.

ஒரே ஊரை முப்பது வருஷம்

பிரயாணமே பண்ணாமல் பெயர் வாங்கியவர் பாரிஸ்காரர் அச்சே. 1927இல் இறக்கும்வரை சுமார் முப்பது வருஷம் அந்த ஒரே நகரத்தின் பழைய தெருக்களையும் கடை முகப்புகளையும் படிக்கட்டுகளையும் பாரமான கெமராவோடு அலைந்து எடுத்தார். ஓவியர்களுக்கு மாதிரிப் படங்கள் விற்பதே அவர் தொழில். கலைஞன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவுமில்லை. அவர் எடுத்த இடங்களில் பல பிறகு இடிக்கப்பட்டன. அதே தெருவில் குடியிருந்த மேன் ரேதான் அவரது படங்களை வாங்கி, புதிய தலைமுறையின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். வித்தைக்காரரான மேன் ரே, வித்தையே இல்லாத அச்சேயிடம் கண்டது பொறுமையை என்று சொல்லலாம்.

வெள்ளவத்தைக்கு ஓர் அச்சே கிடைத்திருந்தால்? ஹெவ்லொக் வீதிப் பக்கமாக இருந்த நூல் ஆலை இந்தப் பகுதிக்கே ஓர் அடையாளமாக இருந்தது. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஆலைச் சங்கு ஊதிய நேரத்தில் வாசலில் கூடிய முகங்களை இன்று யாரிடம் போய்த் தேடுவது?

வெளிச்சம் படிக்கும் பாடம்

இனி நம் தெருவுக்கு வருவோம். கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகையளவில் இருக்கிறது. ஏப்ரலில் சூரியன் உச்சியில் நிற்கும் என்று ஒவ்வொரு வருஷமும் பத்திரிகையில் வாசிக்கிறோம். அந்நேரத்து வெயிலில் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும், கண்குழி கறுத்துவிடும். படம் தட்டையாக வருகிறது என்று கெமராவைக் குறைசொல்வதில் பயனில்லை.

வெள்ளவத்தை மேற்கே கடலைப் பார்த்த ஊர். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு ஒழுங்கையும், மாலை ஐந்து மணிக்குப் பிறகு வெளிச்சம் ஓடிவரும் வாய்க்கால்தான். மரைன் டிரைவில் நின்று கிழக்கே திரும்பிப் பார்த்தால், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளின் முகங்கள் பொன்னாகத் தெரியும். எல்லோரும் சூரியாஸ்தமனத்தை எடுக்கக் கடல் பக்கம் திரும்புகிறார்கள். கடலுக்கு முதுகைக் காட்டி ஒருநாள் நின்று பாருங்கள்.

கொட்டாஞ்சேனை வேறு விதம். துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான ஒழுங்கைகள், வெளிச்சம் மேலேயிருந்து ஒரு கீற்றாக இறங்கும். சாந்த லூசியா தேவாலயத்தின் குவிமாடம், கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய சிவன் கோயில், புனித அந்தோனியார் ஆலயம், பள்ளிவாசல்கள், பௌத்த விகாரை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்தப் பக்கம் கெமராவோடு நிற்பது இலேசான காரியமாக இருக்கவில்லை, பெயரைச் சொன்ன பிறகு இன்னும் கஷ்டம். பழகிய முகமாக இருப்பது அங்கே பெரிய பலம். கெமராவை வெளியே எடுக்காமல் பத்து நாள் தேத்தண்ணி குடிக்கப் போனவருக்குப் பதினோராம் நாள் கிடைக்கும் படம், ஒருநாள் வந்து போகிறவருக்குக் கிடைக்காது.

படம் இல்லாமல் போனவர்கள்

இதெல்லாம் பொழுதுபோக்கு விஷயமா? 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது அல்பங்களும் எரிந்தன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டபோது, கலியாணப் படத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர். சோனகத் தெரு எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளை கேட்டால், வாயால் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாத குடும்பங்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் இன்றும் இருக்கின்றன.

வென்ட்டுக்கும் இது நடந்தது. அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. கையால் போட்ட பிரதிகளும், 1950இல் லண்டனில் வெளிவந்த 'லயனல் வென்ட்ஸ் சிலோன்' நூலும் இருப்பதால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச முடிகிறது. வசதியும் புகழும் நண்பர் கூட்டமும் உள்ளவர் கதியே இதுவென்றால், நம் கைத்தொலைபேசிக்குள் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களின் கதி என்ன?

ஆகவே இளைஞர்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. வாரத்தில் ஒருநாள் ஒரே ஒழுங்கையை, ஒரே நேரத்தில், ஒரு வருஷம் எடுங்கள். எடுத்தவரின் பெயரைக் கேளுங்கள். நல்ல பத்துப் படங்களைத் தாளில் போட்டு, பின்பக்கம் இடமும் திகதியும் பெயரும் எழுதுங்கள். ஒரு பிரதி படத்தில் இருப்பவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

துருக்கிக்கும் போய்வாருங்கள், தடையில்லை. வந்திறங்கிய மறுநாள் காலை, களைப்பு தீருமுன், கெமராவோடு உங்கள் வாசலில் வந்து நில்லுங்கள்.