கடன் தீர்க்க எழுதும் கிரயப் பத்திரம்

ஈட்டுக் கடனின் தவணை தவறி, கடன் கொடுத்தவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து சேரும் சமயமே குடும்பஸ்தனுக்கு மிகவும் ஆபத்தான சமயமாகும். அப்போது உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு வருபவர்களில் சிலர், வீட்டையும் நிலத்தையும் கைப்பற்றும் நோக்கத்துடனேயே வருகிறார்கள். அவர்கள் கையாளும் முறையைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

ரூ. 12 லட்சம் பெறுமானமுள்ள வீட்டை ஒருவர் ரூ. 3 லட்சத்துக்கு ஈடு வைத்திருப்பதாகக் கொள்க. மூன்றாம் மனிதர் ஒருவர் வந்து, "பயப்படாதீர்கள், அண்ணே. கடனை நான் அடைத்துவிடுகிறேன். பேருக்கு எனக்கு ஒரு கிரயம் எழுதிக் கொடுங்கள். நீங்கள் குடியிருந்துகொண்டே இருங்கள். 3 வருஷத்தில் பணத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருகிறேன்" என்கிறார். பத்திரம் பதிவாகிறது. ஆனால் திருப்பித் தரும் நிபந்தனை அதில் இல்லை. 3 வருஷம் கழித்துப் பணத்துடன் சென்றால், வீடு தம்முடையதே என்று சொல்லிக் காலி செய்யச் சொல்கிறார். அல்லது அதற்குள் வேறொருவருக்கு விற்றுவிட்டிருக்கிறார்.

இதற்குச் சட்டம் கூறுவது யாது? 1882-ம் வருஷத்திய சொத்து மாற்றச் சட்டத்தின் 58-வது பிரிவில் 1929-ல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, திருப்பித் தரும் நிபந்தனை அதே கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி, அந்த ஏற்பாடு அடமானமாகக் கருதப்படமாட்டாது. பதிவான பத்திரத்தின் வாசகத்தை வாய்ப்பேச்சைக் கொண்டு மாற்றுவதற்கும் சாட்சியச் சட்டம் பொதுவாக இடங்கொடுப்பதில்லை. மோசடி நடந்ததென வழக்காடலாம். ஆனால் அதை ருசுப்படுத்துவது மிகவும் கடினம்.

மறுகிரய ஒப்பந்தத்தைத் தனிக் காகிதத்தில் எழுதித் தருவதாகச் சொன்னாலும் ஏமாறலாகாது. அத்தகைய ஒப்பந்தத்தில் குறித்த கெடு தவறினால் உரிமை போய்விடும். உண்மையான அடமானத்திலோ, மீட்கும் உரிமை ஏற்பட்ட நாள்முதல் 30 வருஷம் வரை வழக்குத் தொடுக்கலாம் என்று 1963-ம் வருஷத்திய காலவரையறைச் சட்டம் கூறுகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஒரு குடும்பத்தின் வீடு.

எச்சரிக்கை அடைய வேண்டிய அடையாளங்கள்:

1. கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமோ, விற்கும் அதிகாரம் தரும் பவர் பத்திரமோ கேட்டல்.

2. பத்திரத்தில் காணும் விலை, சொத்தின் மதிப்பை விட்டுக் கடன் தொகையை ஒட்டியிருத்தல்.

3. வெற்று முத்திரைத்தாளில் கையொப்பம் கேட்டல்.

4. வீட்டாரிடமும் சங்கத்திலும் சொல்லவேண்டாம் எனத் தடுத்து, இன்றே முடிக்க வேண்டுமென அவசரப்படுத்தல்.

இத்தகைய நிலையில் உள்ளவர் முதலில் கடன் கொடுத்தவரையே நேரில் கண்டு தவணை நீட்டிப்புக் கேட்க வேண்டும். வேறொருவரிடம் கடன் வாங்கியே தீரவேண்டுமாயின், அதை ஈட்டுப் பத்திரமாகவே எழுதிப் பதிவு செய்க. பழைய கடன் தொகையை உரியவரிடம் நேரே செலுத்தி, மூலப் பத்திரங்களையும் பதிவு செய்த ரசீதையும் பெற்று, பின்னர் வில்லங்கச் சான்று எடுத்துச் சரிபார்க்க. எழுதப் படிக்கத் தெரியாதவர், பத்திரம் முழுவதையும் தம்மவர் ஒருவரைக்கொண்டு படிக்கச் செய்து கேட்டபின்பே கைநாட்டு வைக்க வேண்டும். தாலுகா சட்டப் பணிகள் குழுவில் பெண்களும், பட்டியல் வகுப்பினரும், குறைந்த வருமானமுள்ளவர்களும் இலவசமாகச் சட்ட உதவி பெறலாம்.

கடன்பட்டதை மறைப்பதால்தான் இம்மோசம் நடைபெறுகிறது. பத்திரத்தில் கையொப்பமிடுவதற்கு முந்தின நாள் சங்கத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பதறாத காரியம் சிதறாது.