ஐந்தாம் மாடிக்கு ஏறாத ஃபைபர்

போன மாதம் ஒரு நிகழ்ச்சியின் காணொலிப் பதிவை வீட்டிலிருந்து நிலையத்துக்கு அனுப்பினேன். போய்ச் சேர முக்கால் மணி நேரம். தயாரிப்பாளர் மூன்று முறை அழைத்துவிட்டார். அதே அளவு பதிவு, கிள்ளானில் அம்மாவின் பழைய தெரஸ் வீட்டிலிருந்து மூன்றே நிமிடத்தில் போகிறது. நான் இருப்பதோ பெட்டாலிங் ஜெயாவின் நடுவில்!

கேபிள் இழுக்கும் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் புலம்பினேன். "அக்கா, உங்க கட்டடத்துக்குக் கீழ வரைக்கும் ஃபைபர்தான். மேல ஏறுறது பழைய டெலிபோன் கம்பி" என்றார்.

2010 மார்ச்சில் நம் நாட்டில் அதிவேக இணையச் சேவை தொடங்கியது. திட்டச் செலவு வெ.1,130 கோடி, அதில் அரசின் பங்கு வெ.240 கோடி. இவ்வளவு பணத்தில் கேபிளின் விலை சிறிய பங்குதான். சாலையைத் தோண்டுவதும் ஆள்கூலியும்தான் பெரிய செலவு. மின்கம்பம் போன்ற கம்பங்களில் தொங்கவிட்டால் மலிவு. ஆனால், மரம் விழுந்தால் தெருவே இணையமில்லாமல் நிற்கும்.

தரை வீடுகளுக்கு ஃபைபரே வாசல்வரை வந்தது. ஓர் இழையைத் தெருப்பெட்டியில் பிரித்து 32 வீடுகள் வரை கொடுக்கலாம். அந்தப் பெட்டிக்கு மின்சாரம்கூட வேண்டாம். அடுக்குமாடிகளில் கணக்கு வேறு. சுவருக்குள் செம்புக் கம்பி ஏற்கெனவே இருக்கிறது. கீழே ஒரு கருவியை வைத்தால் போதும். துளை போட வேண்டாம், வீடு வீடாக அனுமதி கேட்க வேண்டாம். அவசரத்தில் பல கட்டடங்களை இணைக்க அது நியாயமான வழிதான். ஆனால், செம்பில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். அனுப்பும் வேகம் இன்னும் குறைவு. அன்று படம் பார்க்கத்தான் இணையம். வீட்டிலிருந்து வேலை செய்வோம் என்று யார் நினைத்தார்கள்?

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அரசு 100 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை ஒதுக்கி, நாடு முழுவதும் ஒரே ஃபைபர் கட்டமைப்பைப் போட வைத்தது. சேவை நிறுவனங்கள் அதை வாடகைக்கு எடுத்துப் போட்டி போடுகின்றன. சின்ன நாடு, பெரும்பாலும் அரசு அடுக்குமாடிகள். அங்கே அது எளிது. ஆனாலும் எனக்குப் பொறாமைதான்.

இப்போது எங்கள் கட்டடத்தில் கம்பியை மாற்ற ஒரு நிறுவனம் தயார். எத்தனை வீடுகள் சேரும் என்று முதலில் கேட்கிறார்கள். நிர்வாகக் குழுவும் சம்மதிக்க வேண்டும். இதுவரை 23 கையெழுத்து வாங்கியிருக்கிறேன். மூன்றாம் மாடிப் பாட்டி மட்டும், "சுவரை ஓட்டை போட்டா யாரும்மா பூசிக் கொடுப்பா?" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகணும்.