கணினிக்கு எத்தனை வாட் வேண்டும்?

திருப்பூரில் கணினி என்றால் தட்டச்சும் கணக்கும் மட்டுமல்ல. பேட்டர்ன் வரைவது, எம்பிராய்டரி பஞ்சிங் செய்வது, பிரின்டிங் டிசைன் உருவாக்குவது, தைப்பதற்கு முன்பே ஆடையைத் திரையில் முப்பரிமாணத்தில் போட்டுப் பார்ப்பது என்று பனியன் தொழிலின் பல வேலைகள் இன்று கணினியில்தான் நடக்கின்றன. இவற்றுக்கு வேகமான பிராசசரும் தனி கிராபிக்ஸ் கார்டும் தேவை. நான் பணியாற்றும் ராயபுரம் போன்ற பகுதிகளில் மாணவர்களின் பெற்றோரில் பலர் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் இத்தகைய கணினிகளைப் பள்ளிக்கு வழங்க முன்வருகிறார்கள். சில நேரங்களில் கிராபிக்ஸ் கார்டை மட்டும் வாங்கித் தந்து, "இருக்கிற கணினியில் மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள்.

அப்போது எல்லோரும் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவு என்று கேட்கிறோம். எஸ்.எம்.பி.எஸ். என்ன என்று பெரும்பாலும் கேட்பதில்லை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைக் கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி அது. அதன் திறன் போதாவிட்டால் ஒரு விசித்திரமான கோளாறு தோன்றும். தட்டச்சு செய்யும்போது கணினி நன்றாக ஓடும். டிசைனை ரெண்டர் செய்யும்போது மட்டும் சட்டென்று அணைந்துவிடும். அந்த நேரம் கணினி முன் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம், "என்ன அழுத்தினாய்?" என்ற கேள்வி வரும். இரண்டு முறை அப்படிக் கேட்டால், மூன்றாவது முறை அந்தப் பிள்ளை கணினியைத் தொடத் தயங்கும். மின்சாரக் கணக்கில் உள்ள பிழைக்கு மாணவர் பழி ஏற்கக்கூடாது என்பதற்காகவே இந்தக் கணக்கை ஆசிரியர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் உள்ள எண் போதாது

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தில் நாம் நடத்தும் எளிய சமன்பாடுதான் இங்கே கைகொடுக்கிறது: மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் ஒரு பக்கத்தில் "450 வாட்" என்று பெரிய எழுத்தில் இருக்கலாம். அதைப் பார்ப்பதோடு நிற்காமல் பக்கவாட்டு லேபிளில் உள்ள அட்டவணையைப் படியுங்கள். இன்றைய கணினிகளில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. அந்த இணைப்புக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், அது தரக்கூடியது 12 × 18 = 216 வாட் மட்டுமே. மீதி வாட் எல்லாம் அதிகம் பயன்படாத 5, 3.3 வோல்ட் இணைப்புகளின் கணக்கில் இருக்கும். 12 வோல்ட்டில் 38 ஆம்பியர் என்று இருந்தால் 456 வாட். இப்பெட்டியின் வாட் எண் நம்பத்தக்கது.

தேவையைக் கூட்டிப் பார்ப்போம்

ஒரு டிசைன் கணினியை எடுத்துக்கொள்வோம். அதில் இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசரும் ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டும் உள்ளன.

பிராசசருக்கு அடிப்படை அளவாக 65 வாட் என்று குறிப்பிடுவார்கள். ஆனால் முழு வேகத்தில் அது 180 வாட் வரை எடுக்கும். நாம் கணக்கில் கொள்ள வேண்டியது இந்த 180.

கிராபிக்ஸ் கார்டுக்கு 170 வாட்.

மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., ஹார்டு டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தோராயமாக 70 வாட்.

மொத்தம் 420 வாட். அப்படியானால் 450 வாட் பெட்டி போதுமே என்று தோன்றும். போதாது. கிராபிக்ஸ் கார்டு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகளில் தன் சராசரியைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். 2022-இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். 3.0 வழிகாட்டி, பெரிய மின்வழங்கிகள் தம் அளவைப்போல் இருமடங்கு வரையிலான கணநேரத் தாவலைத் தாங்க வேண்டும் என்று வகுத்தது இதனால்தான். கூடவே நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி வெப்பத்தில் அளந்து போட்ட வாட், சித்திரை மாதத்து ஆய்வகத்தில் அப்படியே கிடைக்காது. தரமான பெட்டிகளில் 40 அல்லது 50 டிகிரியில் அளந்ததாகக் குறிப்பு இருக்கும்.

எனவே கூட்டி வந்த தொகை, பெட்டியின் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 420 வாட்டுக்கு இந்தக் கணக்கில் 560 வருகிறது. கடையில் கிடைக்கும் 550 வாட் தரமான பெட்டி போதும். பின்னாளில் கார்டை மாற்றும் எண்ணம் இருந்தால் 650. கார்டு தயாரிப்பாளரும் ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 550 வாட்டையே பரிந்துரைக்கிறார்.

அதே நேரத்தில், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு இவ்வளவு தேவையில்லை. ஐ5-12400 பிராசசர் உச்சத்தில் 117 வாட்தான் எடுக்கும். மற்றவற்றைச் சேர்த்தாலும் 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதற்குத் தரமான 300 வாட் பெட்டியே தாராளம். 650 வாட் பெட்டி போட்டால் மின்கட்டணம் கூடிவிடுமோ என்று சிலர் கேட்பார்கள். கூடாது. பெரிய தண்ணீர்த் தொட்டி கட்டியதற்காக வீட்டில் யாரும் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதில்லை.

80 பிளஸ் முத்திரை

பெட்டிகளில் பிரான்ஸ், கோல்டு என்று முத்திரைகள் இருக்கும். பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதத் திறனும், கோல்டு 90 சதவீதத் திறனும் தர வேண்டும் என்பது 115 வோல்ட் சோதனையின் அளவுகோல். கணினிக்கு 300 வாட் தேவை என்றால் பிரான்ஸ் சுவரிலிருந்து சுமார் 353 வாட்டும் கோல்டு 333 வாட்டும் எடுக்கும். வித்தியாசம் 20 வாட். நாளொன்றுக்கு 4 மணி நேரம், 200 நாள் என்றால் ஆண்டுக்கு 16 யூனிட். இதற்காகப் பள்ளி நிதியில் அதிக விலை தர வேண்டியதில்லை. பள்ளிப் பயன்பாட்டுக்குப் பிரான்ஸ் போதும். முத்திரை திறனை மட்டுமே சொல்லும். அதிக மின்னழுத்தம், அதிகச் சுமை, குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இணைப்புகளும் யூ.பி.எஸ்.ஸும்

கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டு வழியாக 75 வாட் வரை எடுக்கலாம். 6 பின் இணைப்பு கூடுதலாக 75 வாட்டும், 8 பின் இணைப்பு 150 வாட்டும் தரும். பெட்டியிலேயே இந்த இணைப்பு இருக்க வேண்டும். இல்லாததற்கு ஹார்டு டிஸ்க் வயரில் மாற்றி மாட்டி இழுப்பது வயரைச் சூடாக்கும். ஒரு பெட்டியின் கழற்றும் வயர்களை மற்றொரு பெட்டியில் மாட்டவும் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே பின்களின் வரிசை வேறாக இருக்கலாம். நன்கொடையாக வரும் பிராண்டட் கணினிகள் சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ். வடிவமே தனி, கடையில் வாங்குவது உள்ளே அமராது. கார்டை ஏற்றுக்கொள்ளும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

யூ.பி.எஸ்.ஸிலும் கணக்கு உண்டு. 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்டைத்தான் தாங்கும். நம் கணினியின் 420 வாட்டுக்கு, 85 சதவீதத் திறனில் சுவரிலிருந்து 494 வாட் எடுக்கும். மானிட்டருடன் 520-ஐத் தாண்டும். 600 வாட் தாங்கும் 1 கே.வி.ஏ. யூ.பி.எஸ். தேவை. இல்லையென்றால் மின்சாரம் போகும் அந்த நொடியில், அதாவது அது உதவ வேண்டிய நேரத்தில், கைவிட்டுவிடும். லேசர் பிரின்டரை அதில் இணைக்கவே கூடாது.

விலைப்புள்ளியில் என்ன எழுதலாம்?

"தரமான எஸ்.எம்.பி.எஸ்." என்று மட்டும் எழுதினால் யாரும் எதையும் தரலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் வைக்கும் விலைப்புள்ளியில் இப்படிக் கேட்கலாம்: "550 வாட், 12 வோல்ட்டில் குறைந்தது 42 ஆம்பியர், 80 பிளஸ் பிரான்ஸ், 8 பின் கிராபிக்ஸ் இணைப்பு, அதிகச் சுமை, குறுக்குச்சுற்றுப் பாதுகாப்பு, குறைந்தது 3 ஆண்டு உத்தரவாதம்." பொருத்திய பின் கனமான ஒரு டிசைன் வேலையை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைத்து யூ.பி.எஸ். தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கிய பிறகு பணம் கொடுக்கலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் மட்டும் நாமாக எதையும் மாற்றக்கூடாது.

மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதியுங்கள். நிட்டிங், செக்கிங் கம்பெனிகள் அருகே உள்ள பள்ளிகளில் காற்றில் பறக்கும் பஞ்சு, எஸ்.எம்.பி.எஸ். விசிறியில் மெத்தைபோல் படியும். பிளக்கைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து துடைக்கலாம், ஊதலாம். பெட்டியைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட்டின் உச்ச மதிப்பு சுமார் 325 வோல்ட். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் அந்த அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

செல்போன் சார்ஜர், மிக்சி, எஸ்.எம்.பி.எஸ்., தையல் மெஷின் மோட்டார் ஆகியவற்றின் லேபிளில் உள்ள எண்களை மாணவர்களைக் குறித்து வரச் சொல்லுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் காணட்டும். குதிரைத்திறனை 746-ஆல் பெருக்கட்டும். பவர் டேபிள் ஓடும் வீட்டுப் பிள்ளைகள், "இன்னொரு ஓவர்லாக் மெஷின் போட்டால் லைன் தாங்குமா?" என்று வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். கணினிக்குள் நடப்பதும் அதே கணக்குதான் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை கணினி பாதி வேலையில் அணைந்தால், "என்ன அழுத்தினாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் இருக்கிறது, பார்த்துச் சொல்" என்று அந்த மாணவரிடமே லேபிளைப் படிக்கக் கொடுப்போம்.