பழைய துப்பாக்கியும் புதிய தோட்டாவும்

பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வாங்கக் கருதும் மிராசுதார்களிற் பலர், புதியதன் விலைக்கு அஞ்சி, பாட்டனார் காலத்து 12 போர் இரட்டைக்குழலைக் கைமாற்றாகப் பெற விரும்புகின்றனர். மலிவு என்பது மெய்யே. ஆயினும் விலை பேசுமுன் குழலைச் சோதித்தல் அவசியம்.

19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல்கள், இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி ஒட்டவைத்து ஆக்கப்பட்டவை. டமாஸ்கஸ் குழல் எனப்படும் இவற்றின்மேல் அலைபோன்ற கோலம் தோன்றும், பார்வைக்கு அழகே. ஆனால் பெரும்பாலானவை கரிமருந்துக்கென அமைந்தவை. பட்டைகளின் ஒட்டினூடே துரு அரித்திருக்க, இக்காலத்துப் புகையற்ற மருந்துத் தோட்டாவை இட்டுச் சுட்டால், குழல் வெடித்து, தாங்கிய இடக்கையே போய்விடக்கூடும். எண்ணெய் பூசி மினுக்கிக் காட்டுபவர் இதனைச் சொல்வதில்லை.

தோட்டா அறையின் நீளமும் கவனிக்கத்தக்கது. பழையவை பலவற்றில் அது 2½ அங்குலம். புதியவற்றில் 2¾ அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும். நீண்ட தோட்டா குட்டை அறையினுள்ளும் புகும், பூட்டும் விழும். வெடிக்கையில் அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும்.

எஃகுக் குழலும், புகையற்ற மருந்துக்குரிய சோதனை முத்திரையும், துருக்குழியற்ற உட்புறமும், ஆட்டமில்லாத பூட்டும் உடையதாயின் பழையதே இலாபம். இவற்றைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளியே பார்த்துச் சொல்லவேண்டும். டமாஸ்கஸாயின், எவ்வளவு மலிந்தாலும், விட்டுவிடுவதே நன்று.

கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்று அறிக: 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, விற்பவர் எழுத்துமூலம் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கோ தெரிவித்து 45 நாள் கழிந்த பின்பே, லைசென்சு உள்ளவரிடம் துப்பாக்கி கைமாறலாம். லைசென்சு இருப்பதனாலேயே காட்டுப்பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. அதற்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி வேண்டும்.