வெனிஸ் வியாபாரியும் தான்சானியாவும்

1969-ல் ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ சுவாஹிலி மொழியில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் தான்சானியாவின் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நியரேரே. நாட்டை ஆள்பவருக்கு நாடகம் மொழிபெயர்க்க நேரம் ஏது என்று தோன்றலாம். அவருக்கு அதுவும் ஆட்சி வேலைதான். ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தை 1963-லேயே முடித்திருந்தார். சந்தையில் விலை பேசும் மொழியில் ஷேக்ஸ்பியரும் பேசுவார் என்று காட்ட வேண்டியிருந்தது அவருக்கு.

தான்சானியாவில் 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் உண்டு. எண்ணிக்கையில் பெரியவர்கள் சுகுமா மக்கள். சுவாஹிலி அவர்கள் மொழியன்று. இந்தியப் பெருங்கடல் கரையிலும் சான்சிபார் தீவிலும் வளர்ந்து, வணிகர் கூட்டங்களோடு நடந்தே உள்நாட்டுக்குப் போன மொழி அது. ஜெர்மானியரும், பின்னர் ஆங்கிலேயரும் நிர்வாகத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள். 1954-ல் தொடங்கிய விடுதலைக் கட்சியான ‘டானு’வும் ஊர் ஊராகப் போய் அதில்தான் பேசியது. உள்நாட்டின் பெரிய இனம் எதற்கும் அது தாய்மொழி இல்லை. அதனால் ‘அவர்கள் மொழியை நம் தலையில் கட்டுகிறார்கள்’ என்ற பொருமல் எழவில்லை. நியரேரேயே சனாக்கி என்ற சின்னஞ்சிறு இனத்தில் பிறந்தவர். அதுவும் கைகொடுத்தது.

மொழியை மட்டும் நம்பி அவர் உட்கார்ந்துவிடவில்லை. இனத் தலைவர்களின் நிர்வாக அதிகாரம் 1963-ல் பறிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பலர் சொந்த ஊரை விட்டுத் தொலைதூர விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள்; வேறு இனத்துப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தூங்கி, ஒரே பானைச் சோற்றைத் தின்று வளர்ந்தார்கள். ஒருவரையொருவர் ‘ண்டுகு’ என்று அழைப்பது வழக்கமாயிற்று. உடன்பிறப்பு என்று பொருள். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த அழைப்பு புதிதல்ல. 1967-க்குப் பிறகு தான்சானியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘நீ என்ன இனம்?’ என்ற கேள்வியே இல்லை.

இதனால் விளைந்தது என்ன? பொருளியலாளர் எட்வர்ட் மிகுவெல் கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தான்சானியாவின் மேயாட்டு மாவட்டத்தையும் ஒப்பிட்டு, 2004-ல் ஆய்வு வெளியிட்டார். புசியாவில் பல இனத்தவர் கலந்து வாழ்ந்த இடங்களில் பள்ளிக்கூடத்துக்கு ஊரார் தரும் பணம் குறைந்திருந்தது. மேயாட்டுவில் அப்படிக் குறையவில்லை. பக்கத்து நாடான கென்யாவில் 2007 தேர்தலுக்குப் பின் மூண்ட இனக் கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் சேர்த்துப் பார்த்தால், தான்சானியா செய்து முடித்தது சாதாரண வேலை அல்ல.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் சாதாரணமானதல்ல. 1965 முதல் 1992 வரை சட்டப்படி ஒரே கட்சிதான். ஒற்றுமையின் பெயரால் எதிர்க்குரல் அடக்கப்பட்டது. எழுபதுகளின் நடுவில் லட்சக்கணக்கான உழவர்களைப் புதிய ‘உஜமா’ (கூட்டுவாழ்வு) கிராமங்களுக்கு வலுக்கட்டாயமாகக் குடியேற்றினார்கள். 1964-ல் இணைந்த சான்சிபாருக்குத் தனி அரசும் தனிக் கோபங்களும் இன்றும் உண்டு.

யார் ‘உடன்பிறப்பு’, யார் இல்லை என்ற கேள்வியும் இருந்தது. நியரேரே தம் வெனிஸ் நாடகத்துக்கு இட்ட பெயரிலேயே அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ‘மாபெபாரி வா வெனிசி’. ‘பெபாரி’ என்பது இந்தியாவிலிருந்து போன சொல். நம் ‘வியாபாரி’யின் உறவுக்காரச் சொல். நியரேரே காலத்துச் சுவாஹிலியில் அது சுரண்டும் முதலாளியைக் குறித்தது. 1971-ல் வாடகைக்கு விட்டிருந்த கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, பெரிதும் அடிபட்டவர்கள் இந்திய வம்சாவளி வியாபாரிகள்தான். தலைமுறைகளாக வாழ்ந்த பலர் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டார்கள். இன்று தாருஸ்ஸலாம் தெருக்களில் ஓடும் ஆட்டோவுக்குப் பெயர் ‘பஜாஜி’. இந்த இந்தியப் பெயரை அங்கே யாரும் கோபத்தோடு சொல்வதில்லை.

நாட்டை ஒட்டவைத்த மொழிக்குப் பள்ளியில்தான் இடம் குறைவு. அரசுத் தொடக்கப் பள்ளியில் சுவாஹிலியில் படிக்கும் பிள்ளை, உயர்நிலைக்குப் போனதும் பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் வந்து நிற்க, திகைத்துப்போகிறது. வசதியுள்ள பெற்றோர் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள்.